ஓடாத பந்தயம்

இங்கிலாந்தின் குதிரைப் பந்தய மரபில் ‘கிளாசிக்’ என்னும் பெருமைக்குரிய பந்தயங்கள் ஐந்து. ஐந்துமே மூன்று வயதுக் குதிரைகளுக்கு மட்டும் உரியவை. எந்தக் குதிரைக்கும் மூன்று வயது ஒருமுறைதான் வருகிறது. ஆதலால் அவற்றுள் தலையாயதாகிய டெர்பியில் ஓடும் வாய்ப்பும் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் வாய்க்கிறது. அந்த ஆண்டு கடந்துவிட்டால், பின்னர் எத்துணை வலிமை பெற்றாலும், எத்தனை வெற்றிகளைக் குவித்தாலும், அந்த வாயில் மீண்டும் திறப்பதில்லை.

திறன்மிக்க இளம்புரவி ஒன்று லாயத்திற்கு வந்து சேர்ந்தால், அதன் பயிற்றுநருக்கு உறக்கம் கெடுவது இதனால்தான். எந்தப் பந்தயத்தில் அதை ஓட விடுவது, எதை விலக்குவது, எவ்வளவு தூரம், எத்தனை நாள் இடைவெளி என்னும் கேள்விகளுக்கு அவர் முன்கூட்டியே விடை சொல்லியாக வேண்டும். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். அவை ஆள்வோருக்குக் கூறப்பட்டவை. ஆயினும் பந்தயப் பயிற்றுநரின் தொழில் முழுவதையும் அம்மூன்று தலைப்புகளுக்குள் அடக்கிவிடலாம். குதிரையின் உடலும் மனமும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது வலி. எந்தப் பருவத்தில், எத்தனை நாள் ஓய்வுக்குப் பின் என்பது காலம். எத்தகைய தரை, எத்தகைய வளைவு, எத்தகைய ஏற்ற இறக்கம் என்பது இடம். இம்மூன்றையும் அறிந்தவர்களும், அறிந்தும் புகழுக்கு இணங்கியவர்களும், அறிந்ததற்காகப் புகழையே கைவிட்டவர்களும் பந்தய வரலாற்றில் உண்டு.

அளவுகள் பிறந்த கதை

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் பந்தயம் என்றால் ஐந்து, ஆறு வயது நிரம்பிய முதிர்ந்த குதிரைகள் நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் பலமுறை ஓடுவதாகவே பெரும்பாலும் இருந்தது. தாங்கும் ஆற்றலே அன்று முதன்மை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவை மாறியது. இளங்குதிரைகளைக் குறைந்த தூரத்தில், ஒரே ஓட்டத்தில் சோதிக்கும் வழக்கம் தலையெடுத்தது. 1776இல் டான்காஸ்டரில் செயின்ட் லெஜர், 1779இல் எப்சத்தில் பெண்குதிரைகளுக்கான ஓக்ஸ், 1780இல் அதே எப்சத்தில் டெர்பி, 1809இல் நியூமார்க்கெட்டில் இரண்டாயிரம் கினி, 1814இல் அங்கேயே பெண்குதிரைகளுக்கான ஆயிரம் கினி எனக் கிளாசிக் பந்தயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின.

டெர்பி என்றாலே ஒன்றரை மைல் என்பது இன்று மாறாத விதிபோல் பேசப்படுகிறது. ஆயின் முதல் நான்கு ஆண்டுகள் டெர்பி ஒரு மைல் தூரமே ஓடப்பட்டது. 1784இல்தான் ஒன்றரை மைலாக நீட்டப்பட்டது. பிற்காலத்தார் வணங்கிய அளவும் ஒருநாள் மனிதர் கூடி வகுத்துக்கொண்ட அளவே.

ஆண்குதிரை ஒன்று ஒரே ஆண்டில் இரண்டாயிரம் கினி, டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய மூன்றையும் வென்றால் அது மும்முடி சூடியதாகக் கொள்ளப்படும். 1853இல் வெஸ்ட் ஆஸ்திரேலியன் என்னும் குதிரை முதன்முதலாக அப்பெருமையைப் பெற்றது. இதுகாறும் பதினைந்து குதிரைகளே அதனை எய்தியுள்ளன.

அதன் அருமையை உணரத் தூரக் கணக்கு உதவும். எட்டு பர்லாங் ஒரு மைல். இரண்டாயிரம் கினி 8 பர்லாங். டெர்பி 12 பர்லாங். செயின்ட் லெஜர் ஏறத்தாழ 14½ பர்லாங். முதலாவது ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ நிகழும், டெர்பி ஜூன் தொடக்கத்தில், லெஜர் செப்டம்பரில். ஏறத்தாழ ஐந்து வார இடைவெளியில் ஓர் இளங்குதிரை முன்னினும் ஒன்றரை மடங்கு தூரம் ஓட வேண்டியிருக்கிறது. இடமும் மாறுகிறது. நியூமார்க்கெட்டின் கினித் தடம் அகன்ற, நேர்கோட்டு வழி. எப்சமோ முதற்பாதியில் மேடேறி, பின்னர் இறக்கத்தில் விழுந்து, டாட்டன்ஹாம் முனையில் இடப்புறம் வளைந்து, இறுதி நேர்வழியிலும் ஒருபுறம் சரிந்து கிடப்பது. வேகம் மட்டும் உடைய குதிரை அங்கே திணறும். பொறுமை அற்ற குதிரை பாதி வழியிலேயே தன்னைச் செலவழித்துவிடும்.

1947: மறுக்க இயலாத அழைப்பு

அவ்வாறு தன்னைச் செலவழித்துக்கொண்ட குதிரைகளுள் புகழ்பெற்றது டியூடர் மின்ஸ்ட்ரல். பெக்ஹாம்ப்டனில் ஃபிரெட் டார்லிங் பயிற்றுவித்த இக்குதிரை, 1947இல் இரண்டாயிரம் கினியை எட்டுக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. அதுவரை அது தோல்வியே கண்டதில்லை. அதன் தந்தை ஓவன் டியூடர் 1941ஆம் ஆண்டின் டெர்பியை வென்றது. எனவே டெர்பியின் தூரம் குருதியிலேயே இருக்கிறது என்று நம்ப இடமிருந்தது. இத்தகைய குதிரையை எப்சத்திற்கு அனுப்பாதிருக்க யாராலும் முடிந்திராது. நான்கு பவுண்டு வெல்ல ஏழு பவுண்டு வைக்க வேண்டும் என்ற நிலைக்குப் பந்தயச் சந்தை இறங்கியது.

ஜாக்கி கோர்டன் ரிச்சர்ட்ஸ் அக்காலத்தின் தலைசிறந்த ஓட்டி. எனினும் டெர்பி மட்டும் அவருக்கு அதுவரை வசப்படவில்லை. அந்த ஏக்கம் அன்று தீரும் என எல்லாரும் எண்ணினர். குதிரையோ கடிவாளத்தோடு போராடியது. அடக்கிச் செல்ல முயன்ற கைகளை எதிர்த்து, இறுதி நேர்வழிக்கென வைத்திருக்க வேண்டிய வலிமையை வழியிலேயே இறைத்தது. நான்காவதாகவே வர முடிந்தது. பிரான்சிலிருந்து வந்த பேர்ல் டைவர் வென்றது. ரிச்சர்ட்ஸ் டெர்பியை வெல்ல 1953 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த டெர்பியில் முதல் நான்கு இடங்களைப் பெற்ற குதிரைகளின் பிற்கால வரலாறு பந்தயத் தேர்வுக்கு ஒரு பாடநூல் போன்றது. இரண்டாவதாக வந்த மிகோலி, அதே ஆண்டு பத்து பர்லாங் எக்லிப்ஸ் பந்தயத்தில் டியூடர் மின்ஸ்ட்ரலை மீண்டும் தோற்கடித்தது. மறு ஆண்டு பாரிஸில் ஆர்க் பந்தயத்தையும் வென்றது. மூன்றாவதாக வந்த சயாஜிராவ் பரோடா மகாராஜாவுக்கு உரியது. அது செப்டம்பரில் இன்னும் நீண்ட செயின்ட் லெஜரை வென்றது. நான்காவதாக வந்த டியூடர் மின்ஸ்ட்ரலோ மீண்டும் ஒரு மைலுக்குத் திரும்பியதும் வெற்றி கண்டது. நான்கும் நல்ல குதிரைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு இருந்தது. டெர்பி நாளில் அவை தத்தம் அளவில் நின்று ஓடவில்லை. ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன.

1970: எதையும் மறுக்காத ஆண்டு

தூரத்தைத் தாங்க மாட்டாத குதிரையின் கதை இது என்றால், எல்லாத் தூரத்தையும் தாங்கிய குதிரையின் கதை நிஜின்ஸ்கியுடையது. அமெரிக்கரான சார்லஸ் எங்கல்ஹார்டுக்கு உரிய இக்குதிரையை அயர்லாந்தின் பாலிடாய்லில் வின்சென்ட் ஓபிரையன் பயிற்றுவித்தார். இரண்டு வயதில் ஐந்து ஓட்டம், ஐந்து வெற்றி. 1970இல் இரண்டாயிரம் கினி, டெர்பி, அயர்லாந்து டெர்பி, அஸ்காட்டில் மூத்த குதிரைகளையும் எதிர்கொண்ட கிங் ஜார்ஜ் பந்தயம் என ஒன்றுவிடாமல் வென்றது. அத்தூரங்களுள் எதுவும் அதற்குப் பொருந்தாமல் இல்லை. வலியறிதலில் ஐயமில்லை, இடனறிதலிலும் பிழையில்லை.

பிழை நேர்ந்தது காலத்தில். அஸ்காட் வெற்றிக்குப் பின் குதிரையைப் படர்தாமரை நோய் தாக்கியது. தோல் வெந்து, சேணம் பூட்ட இயலாத நாட்களும் வந்தன. பயிற்சி தடைப்பட்டது. எனினும் 1935இல் பஹ்ராம் சூடிய பின்னர் எந்தக் குதிரையும் சூடாத மும்முடி கண்ணெதிரே இருந்தது. செப்டம்பர் 12ஆம் நாள் நிஜின்ஸ்கி செயின்ட் லெஜரில் ஓடியது; வென்றது; மும்முடி சூடியது. ஆயினும் அந்த ஓட்டம் அதன் உடல் எடையைக் குறைத்துவிட்டது.

இருபத்திரண்டு நாட்கள் கழித்து அக்டோபர் 4ஆம் நாள் பாரிஸில் ஆர்க் பந்தயம். அதில் சஸாஃபிராஸ் என்னும் குதிரையிடம் ஒரு தலை அளவில் நிஜின்ஸ்கி தோற்றது. தொடர்ந்து பெற்ற பதினொரு வெற்றிகளுக்குப் பின் வந்த முதல் தோல்வி அது. வெற்றியோடு விடைபெறட்டும் என எண்ணிப் பதின்மூன்று நாட்களில் நியூமார்க்கெட்டின் சாம்பியன் பந்தயத்தில் மீண்டும் ஓட விட்டனர். அங்கும் தோல்வி. ஒருபோதும் மறுக்காத குதிரைக்கு, அதற்காக மறுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார் என்பதே அந்த இலையுதிர்காலத்தின் செய்தி.

நிஜின்ஸ்கிக்குப் பின் இங்கிலாந்தில் எந்தக் குதிரையும் மும்முடி சூடவில்லை. சிறந்த டெர்பிக் குதிரைகளின் உரிமையாளர்கள் செயின்ட் லெஜரைத் தவிர்க்கத் தொடங்கினர். நீண்ட தூரம் ஓடிய குதிரையைவிட வேகம் காட்டிய குதிரையே இனப்பெருக்கத்துக்கு விலைமதிப்புடையது என்னும் எண்ணமும் அதற்குத் துணைநின்றது.

1971: இரு குதிரைகள், இரு வழிகள்

மறு ஆண்டே மறுத்தலின் சிறப்புக்கு ஒரு சான்று கிடைத்தது. 1971 மே முதல் நாள் நடந்த இரண்டாயிரம் கினியில் பிரிகேடியர் ஜெரார்டு மூன்று நீளத்தில் வென்றது. மில் ரீஃப் இரண்டாவது. தோற்ற குதிரை டெர்பிக்குச் சென்றது. வென்ற குதிரை செல்லவில்லை.

பிரிகேடியர் ஜெரார்டை வளர்த்தவரும் உரிமையாளருமான ஜான் ஹிஸ்லாப், குதிரையேற்றமும் எழுத்தும் கைவந்தவர். தம் குதிரையின் தந்தை குவீன்ஸ் ஹஸ்ஸார் ஒரு மைல் தூரத்தில் சிறந்தது என்பதை அவர் அறிவார். ஆகவே பயிற்றுநர் டிக் ஹெர்னின் லாயத்திலிருந்து அது எப்சத்திற்குப் போகாமல் அஸ்காட்டிற்கும் குட்வுட்டிற்கும் சென்றது; மைல் பந்தயங்களை வரிசையாக வென்றது. மூன்று வயதின் இறுதியில் பத்து பர்லாங். நான்கு வயதில் அதே தூரத்தில் மேலும் வெற்றிகள். 1972 ஜூலையில்தான் முதன்முறையாகப் பன்னிரண்டு பர்லாங். அந்தக் கிங் ஜார்ஜ் பந்தயத்தையும் அது வென்றது. ஓராண்டுக்கு முன் எப்சத்தில் கேட்கப்பட்டிருந்தால் தந்திருக்குமோ என்பது ஐயமான ஒன்றை, உடல் முதிர்ந்தபின் அஸ்காட்டில் அது தந்தது.

மில் ரீஃபின் கதை வேறு. இயன் பால்டிங் பயிற்றுவித்த அச்சிறிய அமெரிக்கக் குதிரைக்கு ஒரு மைல் குறைவு. டெர்பி, எக்லிப்ஸ், கிங் ஜார்ஜ், ஆர்க் என்று 1971இல் தூரம் கூடக்கூட அதன் ஓட்டமும் ஒளி பெற்றது. இரு குதிரைகளும் மீண்டும் ஒருமுறைகூட எதிரெதிரே நிற்கவில்லை. 1972 ஆகஸ்டில் பயிற்சியின்போது மில் ரீஃபின் முன்கால் முறிந்தது; அறுவை மருத்துவத்தால் உயிர் பிழைத்துப் பொலிகுதிரையாக வாழ்ந்தது.

அதே ஆகஸ்டில் யார்க் நகரில் பிரிகேடியர் ஜெரார்டும் ஒரு பாடம் கற்றது. பதினைந்து ஓட்டங்களில் பதினைந்து வெற்றி பெற்றிருந்த அக்குதிரை, புதிதாகத் தொடங்கப்பட்ட பென்சன் அண்டு ஹெட்ஜஸ் தங்கக் கோப்பையில் அவ்வாண்டின் டெர்பி வெற்றியாளனான ராபர்டோவிடம் தோற்றது. பதினெட்டு ஓட்டங்கள் கொண்ட அதன் வாழ்வில் அது ஒன்றே தோல்வி. யார்க்கின் அந்தப் பந்தயம் நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு குதிரையின் வரலாற்றில் மீண்டும் வரும்.

வாரன் பிளேஸின் இளம்புரவி

2008 பிப்ரவரி 11ஆம் நாள் நியூமார்க்கெட்டுக்கு அருகிலுள்ள பான்ஸ்டெட் மானர் பண்ணையில் ஓர் ஆண்குட்டி பிறந்தது. தந்தை கலிலியோ 2001இன் டெர்பி வெற்றியாளன். தாய் கைண்ட் ஐந்து, ஆறு பர்லாங்குகளில் வென்ற விரைவோட்டக் குதிரை. உரிமையாளர் சவூதி அரேபியாவின் காலித் அப்துல்லா இளவரசர். 2009இல் மறைந்த அமெரிக்கப் பயிற்றுநர் பாபி ஃபிராங்கெலின் நினைவாகக் குட்டிக்கு ஃபிராங்கெல் எனப் பெயர் சூட்டப்பட்டது.

அது நியூமார்க்கெட்டின் வாரன் பிளேஸ் லாயத்தில் ஹென்றி செசிலிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்துமுறை முதன்மைப் பயிற்றுநர் என்னும் சிறப்பைப் பெற்று, நான்கு டெர்பிகளையும் வென்ற செசில், பின்னர் வீழ்ச்சி கண்டவர். 2005ஆம் ஆண்டு முழுவதிலும் அவர் லாயத்துக்கு வெறும் 12 வெற்றிகளே கிட்டின. அடுத்த ஆண்டு வயிற்றுப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பலர் குதிரைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அந்நாட்களிலும் அவரிடம் குதிரை அனுப்பியவர்களுள் காலித் அப்துல்லா ஒருவர். 2007இல் லைட் ஷிஃப்ட் ஓக்ஸை வென்றபோது பழைய செசில் மீண்டார் என மக்கள் கண்கலங்கி வாழ்த்தினர். தமக்கு இன்னும் எத்தனை பருவங்கள் என்று அறியாத மனிதரின் கையில்தான் இக்குதிரை வந்து சேர்ந்தது.

2010 ஆகஸ்டில் நியூமார்க்கெட்டின் ஒரு மைல் முதலோட்டத்தில் ஃபிராங்கெல் அரை நீளத்தில் வென்றது. அன்று இரண்டாவதாக வந்த நாதானியேல் மறு ஆண்டு கிங் ஜார்ஜ் பந்தயத்தையே வென்ற குதிரை. அடுத்து டான்காஸ்டரில் 13 நீளம்; அஸ்காட்டில் 10 நீளம்; அக்டோபரில் நியூமார்க்கெட்டின் டியூஹர்ஸ்ட் பந்தயமும் வசமாயிற்று. ஆற்றலில் யாருக்கும் ஐயமில்லை. செசிலின் கவலை வேறு. அக்குதிரை எதன் பின்னாலும் செல்ல மறுத்தது. கடிவாளத்தை இழுத்துக்கொண்டு முன்னே பாய்வதே அதன் இயல்பு. ஆகவே காலைப் பயிற்சிகளில் ஷேன் ஃபெதர்ஸ்டன்ஹா என்னும் பயிற்சி ஓட்டியின் கீழ் மற்றக் குதிரைகளுக்குப் பின்னே அமைதியாகச் செல்ல அதற்கு நாள்தோறும் கற்பிக்கப்பட்டது. வேகமாக ஓட அதற்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. மெல்ல ஓடக் கற்பிப்பதே வேலையாயிற்று.

2011 ஏப்ரல் 30. இரண்டாயிரம் கினி. ஜாக்கி டாம் குவீலி தொடக்கத்திலேயே குதிரையை முன்னே விட்டார். ஒரு கட்டத்தில் ஃபிராங்கெலுக்கும் பின்தொடர்ந்தவற்றுக்கும் இடையே 15 நீளம் வரை இடைவெளி விழுந்தது. இறுதிக் கம்பத்தைக் கடந்தபோது அது ஆறு நீளமாக இருந்தது. டியூடர் மின்ஸ்ட்ரலுக்குப் பின் அப்பந்தயத்தில் கண்ட மிகப் பெரிய இடைவெளி அதுவே. டியூடர் மின்ஸ்ட்ரலின் பெயர் அன்று நினைவுகூரப்பட்டது பொருத்தமே: தந்தை டெர்பி வென்ற குதிரை, ஒரு மைலில் ஒப்பற்ற வேகம், அடங்க மறுக்கும் குணம் என மூன்றும் ஒத்திருந்தன.

டெர்பிக்கு ஐந்தே வாரங்கள். யார்க்கில் பத்து பர்லாங்குக்கு மேற்பட்ட டான்டே பந்தயத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. சில நாட்களில் முடிவு வெளியாயிற்று: ஃபிராங்கெல் எப்சத்தில் ஓடாது, அஸ்காட்டில் ஒரு மைல் செயின்ட் ஜேம்ஸ் பேலஸ் பந்தயத்தில் ஓடும்.

இந்த முடிவின் கனத்தை எளிதாக மதித்துவிடக் கூடாது. ஐந்தாவது டெர்பி, நோயுற்ற அறுபத்தெட்டு வயதுப் பயிற்றுநருக்கு மறுமுறை வாய்க்குமா என்பது ஐயம். குருதி வழியிலும் தடையேதும் தெளிவாக இல்லை. அதே தாயின் மற்றொரு மகன் புல்லட் டிரெயின் 2010இல் டெர்பிக்கான லிங்ஃபீல்டு முன்னோட்டத்தை வென்றிருந்தது. பின்னாளில் ஃபிராங்கெலின் உடன்பிறந்த நோபிள் மிஷன் பன்னிரண்டு பர்லாங்குக்கு நிகரான பிரெஞ்சுப் பந்தயமொன்றில் முதலிடம் பெற்றதும் உண்டு. ஜூன் 4ஆம் நாள் நடந்த டெர்பியிலோ, முந்தைய ஆண்டு அஸ்காட்டில் ஃபிராங்கெலுக்கு வெகு பின்னால் வந்த டிரஷர் பீச் ஒரு தலை அளவில்தான் வெற்றியை இழந்தது. ஓடியிருந்தால் வென்றிருக்கும் என்று சொன்னவர்களிடம் நல்ல ஆதாரங்கள் இருந்தன.

செசிலிடம் இருந்த ஆதாரம் ஒன்றே: நாள்தோறும் காலையில் அவர் கண்ட குதிரை. அது அன்று அடங்கி ஓடக் கற்று முடிக்கவில்லை. எப்சத்தின் இறக்கத்திலும் வளைவிலும், பெருங்கூட்டத்தின் இரைச்சலிலும், ஒன்றரை மைல் தூரம் அதனை அடக்க முயன்றிருந்தால், கற்ற கொஞ்சமும் அழிந்துபோயிருக்கக் கூடும். டெர்பி முடிந்து பத்தாம் நாள், ஜூன் 14இல், அஸ்காட்டில் அதற்கு விளக்கம் கிடைத்தது. முன்னோடிக் குதிரை மிக வேகமாகச் சென்றுவிட, குவீலி ஃபிராங்கெலை மிக முன்னதாகவே பாய விட்டார். வெற்றி கிட்டியது, ஆனால் இறுதியில் குதிரை தளர்ந்தது, ஸாஃபனி நெருங்கிவந்து முக்கால் நீளத்தில்தான் பின்தங்கியது. எட்டு பர்லாங் முடிவிலேயே அந்நிலை என்றால், அதே பாய்ச்சலை எப்சத்தில் தொடங்கியிருந்தால் எஞ்சிய நான்கு பர்லாங்கும் எவ்வாறு கழிந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம். அதே ஜூன் மாதத்தில் செசிலுக்குச் ‘சர்’ பட்டம் அறிவிக்கப்பட்டது. ஜூலையில் குட்வுட்டில் மூத்த குதிரையான கேன்ஃபோர்டு கிளிஃப்ஸை ஐந்து நீளத்தில் வென்று, ஃபிராங்கெல் தான் கற்றுவருவதைக் காட்டியது.

காத்திருந்து பெற்ற தூரம்

ஒன்பது ஓட்டம், ஒன்பது வெற்றி என்ற நிலையில் 2011 முடிந்தது. இனப்பெருக்கத்துக்கு அனுப்பினால் பெரும்பொருள் குவியும் நேரம் அது. காலித் அப்துல்லா குதிரையை நான்கு வயதிலும் ஓட விட்டார். 2012 ஜூனில் அஸ்காட்டில் 11 நீளத்தில் வந்த வெற்றிக்கு ‘டைம்ஃபார்ம்’ மதிப்பீட்டாளர்கள் 147 புள்ளி தந்தனர். அதுவரை எந்தக் குதிரைக்கும் அவர்கள் அவ்வளவு தந்ததில்லை.

ஆகஸ்ட் 22ஆம் நாள்தான் ஃபிராங்கெல் முதன்முறையாக ஒரு மைலைத் தாண்டியது. இடம் யார்க். பத்து பர்லாங்குக்குச் சற்று மேற்பட்ட தூரம். பந்தயம், 1972இல் பிரிகேடியர் ஜெரார்டு தோற்ற அதே பந்தயம். பெயர் மட்டும் மாறியிருந்தது. மருத்துவத்தால் மெலிந்து, குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்திருந்த செசில் தொப்பியணிந்து அங்கு வந்திருந்தார். பதினாறு மாதங்களுக்கு முன் யாருக்கும் பின்னால் நிற்காத குதிரை, அன்று கூட்டத்தின் பின்புறத்தில் அமைதியாகச் சென்றது. நேர்வழியில் வெளிப்புறமாக வந்து, ஜாக்கியின் கை அசையாமலே மற்றவற்றை எட்டிப் பிடித்து, ஏழு நீளத்தில் வென்றது. 2011 மே மாதத்தில் எடுத்த முடிவுக்குக் குதிரையே எழுதிய விளக்கவுரை அது.

கடைசி ஓட்டத்துக்கும் ஒரு தேர்வு இருந்தது. பன்னிரண்டு பர்லாங் ஆர்க்கில் ஓடி உலகப் புகழ் தேடலாம். அல்லது அஸ்காட்டின் பத்து பர்லாங் சாம்பியன் பந்தயத்தோடு முடிக்கலாம். செசில் இரண்டாவதைத் தேர்ந்தார். அக்டோபர் 20ஆம் நாள் தரை மழையில் இளகியிருந்தது. அத்தகைய தரையை விரும்பும் பிரெஞ்சுக் குதிரை சிரஸ் தெஸ் ஏகில் எதிரே நின்றது. தொடக்கத்தில் பின்தங்கிய ஃபிராங்கெல், இறுதியில் ஒன்றேமுக்கால் நீளத்தில் வென்றது. பதினான்கு ஓட்டம், பதினான்கு வெற்றி. எட்டு மாதங்களுக்குள், 2013 ஜூன் 11ஆம் நாள், சர் ஹென்றி செசில் எழுபதாம் வயதில் காலமானார்.

குறை கூறுவோர் இன்றும் உளர். அக்குதிரை இங்கிலாந்தைவிட்டு வெளியே ஓடவில்லை. பன்னிரண்டு பர்லாங்கைத் தொட்டதே இல்லை. 1965இல் டெர்பியையும் ஆர்க்கையும் வென்ற ஸீ பேர்டுக்கு இணையாகுமா என அவர்கள் கேட்பர். கேள்வி நியாயமானது, அதற்கு விடை கிடைக்கப் போவதுமில்லை. ஓடாத பந்தயத்தின் முடிவு யாருக்கும் தெரியாது. மறுத்தவர் அந்த அறியாமையையும் சேர்த்தே சுமக்க வேண்டும். டியூடர் மின்ஸ்ட்ரலின் தோல்வி உலகறிந்தது. நிஜின்ஸ்கியின் சோர்வு உலகறிந்தது. செசில் தவிர்த்த இழப்பு எதுவென்று எவராலும் காட்ட இயலாது. ஓர் ஆற்றலைக் காத்தவருக்குப் பெரும்பாலும் சான்று இருப்பதில்லை. காக்கப்பட்ட ஆற்றல் பின்னாளில் எங்கே வெளிப்படுகிறது என்பது ஒன்றே அவருக்குச் சாட்சி.

அந்தச் சாட்சி 2021இல் வந்தது. காலித் அப்துல்லா அவ்வாண்டு சனவரியில் மறைந்திருந்தார். ஜூன் 5ஆம் நாள் எப்சத்தில் டெர்பியை நாலரை நீளத்தில் வென்றது ஃபிராங்கெலின் மகன். மூன்றாவதாக வந்த ஹரிகேன் லேனும் ஃபிராங்கெலின் மகனே. அது அதே ஆண்டு அயர்லாந்து டெர்பியையும் செயின்ட் லெஜரையும் வென்றது. தந்தை ஓடாத தூரங்கள் அனைத்தையும் பிள்ளைகள் ஓடித் தீர்த்தனர். டெர்பி வென்ற மகனின் பெயரும் அதன் தாயின் பெயரும் தமிழ்நாட்டுச் செவிகளுக்கு அயலானவை அல்ல. மகனின் பெயர் அடையாறு. தாயின் பெயர் அண்ணா சாலை.